யார் கண், யார் வாய்: கதையில் நோக்குநிலை



கே.ஏ. குணசேகரனை நினைத்துக் கூடியிருக்கிறோம். 1955இல் பிறந்து 2016 ஜனவரியில் மறைந்தவர். பாடகர், நாடகக்காரர், ஆய்வாளர், பேராசிரியர் என்று அவரைப் பலவிதமாகச் சொல்லலாம். இன்று நாங்கள் அவரை 'வடு' எழுதியவராக எடுத்துக்கொண்டு பேசப்போகிறோம். நாங்கள் என்று சொல்வது மரியாதைக்காக அல்ல. இந்த உரையை மேடையில் ஒருவர் வாசிக்கிறார், அவ்வளவுதான். மாதம் ஒருமுறை கூடிக் கதை வாசிக்கிற ஒரு சிறு வட்டம் பல மாதமாகப் பேசியதும் சண்டை போட்டதும்தான் இதற்குள் இருக்கிறது.

பேச எடுத்த பொருள் நோக்குநிலை. ஒரு கதையை யார் நின்று பார்க்கிறார், யார் வாயால் அது சொல்லப்படுகிறது என்பது. இதைக் கல்லூரியில் பாடமாக நடத்துவார்கள்: தன்மைக் கூற்று, படர்க்கைக் கூற்று, எல்லாம் அறிந்த கதைசொல்லி. தேர்வில் ஐந்து மதிப்பெண் வாங்கிக்கொண்டு மறந்துவிடலாம். எங்களை மறக்கவிடாமல் செய்தது ஒரு தம்பி கொண்டுவந்த கதை.

கதை நடக்கும் இடம் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரை. விடியற்காலை. வடக்கேயிருந்து வந்த ஒரு குடும்பம் கடலில் முழுகுகிறது. கிழக்கே வெளுக்கிறது, கடல் தாம்பாளம்போல அசையாமல் கிடக்கிறது, பெரியவர் ஒருவர் பிண்டம் கரைக்கிறார். வர்ணனை நன்றாகவே இருந்தது. நடுவில் ஒரு வரி வந்தது. உடுத்து முழுகிய துணிகளை யாத்ரீகர்கள் கடலிலேயே விட்டுவிட்டுப் போக, கறுத்த, ஒல்லியான துப்புரவுக்காரி ஒருத்தி அவற்றை இழுத்து இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தாள் என்று. அந்தக் குடும்பத்துப் பெரியவர் அவளை இரக்கத்தோடு பார்க்கிறார். பத்து ரூபாய் கொடுக்கிறார். கதை முடிகிறது.

வட்டத்தில் மூத்த அக்கா ஒருவர் கேட்டார்: "தம்பி, இந்தப் பொம்பளை யாரு?" தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "எங்கம்மாதான்க்கா."

அன்றைக்கு யாரும் அதற்கு மேல் பேசவில்லை. ஆனால் அந்த ஒரு பதிலிலிருந்துதான் இந்த உரை தொடங்குகிறது. பெற்ற பிள்ளை தன் தாயைப் பற்றி எழுத உட்கார்ந்து, எப்படிக் காசியிலிருந்து வந்தவரின் கண்ணுக்குள் போய் உட்கார்ந்தார்? அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் வாசித்த கதைகளில் கடற்கரையை அப்படித்தான் பார்த்தார்கள். இரக்கப்படுகிறவருக்குக் கண் உண்டு. இரக்கப்படப்படுகிறவருக்கு நிறமும் ஒல்லியும்தான் உண்டு. கதை எழுதுவது என்றாலே அந்த நாற்காலியில் உட்கார்வது என்று யாரும் சொல்லாமலே அவர் கற்றுக்கொண்டிருந்தார்.

இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்வது நல்லது. யார் பார்க்கிறார் என்பது ஒன்று. யார் சொல்கிறார் என்பது இன்னொன்று. இவை இரண்டும் வேறு வேறு என்பதை 1972இல் பிரெஞ்சு விமர்சகர் ஜெரார் ஜெனெத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். ஒரு கதை படர்க்கையில் 'அவன்' என்று சொல்லப்படலாம். ஆனால் பார்வை முழுக்க அந்த 'அவன்' கண்ணிலேயே இருக்கலாம். பூமணியின் 'வெக்கை' அப்படிப்பட்ட நாவல். 1982இல் வந்தது. பதினைந்து வயதுச் சிதம்பரம் ஒரு கொலையைச் செய்துவிட்டு ஓடுகிறான். சொல்வது படர்க்கை, பார்ப்பது பையன். காட்டில் எது தின்னக் கிடைக்கும், எந்தப் பாறை இடுக்கில் படுக்கலாம், அம்மா எங்கே அழுதுகொண்டிருப்பாள் என்பதெல்லாம் அவன் அளவுக்கே வருகிறது. அதே கதை 2019இல் 'அசுரன்' என்று சினிமாவாக வந்தபோது, நடுவிடம் பையனிடமிருந்து தகப்பனிடம் போனது. தகப்பனின் பழைய காலம் வந்தது, பஞ்சமி நிலம் வந்தது, தியேட்டரில் கைதட்டல் வந்தது. நல்லதா கெட்டதா என்ற சண்டையை இங்கே கிளப்பவில்லை. பார்க்கிற ஆள் மாறினால் கதையே வேறு கதையாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெரிந்த உதாரணம் கிடைக்காது.

இங்கே தமிழில் உள்ள ஒரு சங்கதியைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுகிற கதைசொல்லி ஒரு ஆணைப் பற்றிச் சொல்லும்போது ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தப்பித்துவிடலாம். கலெக்டருக்கும் அதே சொல், கக்கூஸ் கழுவுகிறவருக்கும் அதே சொல். தமிழில் அது முடியாது. வந்தான், வந்தார், வந்தாள், வந்தது. வினைமுற்றை எழுதி முடிப்பதற்குள் கதைசொல்லி தான் எந்தப் படியில் நிற்கிறார் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறார். "பண்ணையார் வந்தார், சுப்பன் வந்தான்" என்று ஒருவர் எழுதினால், அந்தக் கதையில் ஒரு கொடுமையும் நடக்கத் தேவையில்லை. 'ஆர்' என்கிற விகுதியும் 'ஆன்' என்கிற விகுதியும் ஏற்கெனவே தெருவை இரண்டாகப் பிரித்துவிட்டன. நம் தெருவில் ஐம்பது வயதுக்காரரை மேலத்தெருப் பையன் 'வாடா' என்று கூப்பிட்டதை நம்மில் பலர் கேட்டு வளர்ந்திருக்கிறோம். கதைசொல்லி அந்தப் பையனாக இருக்கிறாரா, அந்தப் பெரியவரின் பேரனாக இருக்கிறாரா என்பதை விகுதியே சொல்லிவிடும். ஆகவே தமிழில் நடுநிலையான கதைசொல்லி என்று ஒருவர் கிடையாது. இருப்பதாக நம்புகிறவர் தன் படி தனக்குத் தெரியாதவர்.

இன்னொரு சங்கதி, 'நாம்', 'நாங்கள்'. கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். ஊர்க்கூட்டத்தில் "நாம் எல்லாரும் ஒண்ணாத்தானே இருக்கோம்" என்று ஒருவர் பேசும்போது, அந்த 'நாம்'க்குள் காலனி இருக்கிறதா என்று எத்தனை முறை யோசித்திருக்கிறோம்? இலக்கிய வரலாறுகளில் 'நம் பண்பாடு' என்று வரும்போதெல்லாம் இதே கேள்வியைக் கேட்கலாம்.

நம் பழைய இலக்கணத்துக்கு இது புதிதல்ல. அகப்பாட்டு ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் கூற்று. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று, பரத்தை கூற்று என்று யார் வாயில் பாட்டு வருகிறது என்பதைக் கொண்டே பாட்டைப் பொருள்கொள்ளும் மரபு நம்முடையது. அந்த மரபே ஒரு வேலியும் போட்டது. அடியோரும் வினைவலரும், அதாவது அடிமைகளும் ஏவல் வேலை செய்கிறவர்களும், அன்பின் ஐந்திணைக்கு வெளியே கைக்கிளை, பெருந்திணைக்கு உரியவர்கள் என்று தொல்காப்பியத்துக்கு உரையாசிரியர்கள் பொருள் சொன்னார்கள். உழைக்கிறவருக்குக் காதல் உண்டு, ஆனால் மையத்தில் நின்று கூற்று நிகழ்த்தும் உரிமை இல்லை. நோக்குநிலை என்பது வெறும் உத்தி அல்ல, உரிமை என்பதை நம் இலக்கணக்காரர்கள் நமக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தார்கள்.

இந்தக் கடற்கரைக்கு வருவோம். 1914இல் பாம்பன் பாலம் திறந்தது. அதே ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகள் மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்காக அடைத்து வைக்கப்பட்டார்கள். அவர்களில் நம் மக்கள் எவ்வளவு பேர் என்பது சொல்லாமலே தெரியும். மலையகத்துப் பல குடும்பங்களின் பாட்டன் பூட்டன் இந்த வழியாகப் போனவர்கள்தான். அப்படித் தோட்டத்துக்குப் போன ஒரு ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணைப் பற்றி 1935இல் புதுமைப்பித்தன் 'துன்பக் கேணி' எழுதினார். அந்தக் காலத்தில் அதை எழுதத் துணிச்சல் வேண்டும். தோட்டத்துக் கொடுமையை அவர் மறைக்கவில்லை. ஆனால் மருதியின் கதையை மருதி சொல்லவில்லை. மேலேயிருந்து, எல்லாம் தெரிந்த, கேலி தெரிந்த, கோபமும் தெரிந்த ஒரு குரல் சொல்கிறது. அவளுக்கு நடந்ததெல்லாம் நமக்குத் தெரிகிறது. நடந்ததைப் பற்றி அவள் என்ன நினைத்தாள் என்பது மிகக் குறைவாகவே தெரிகிறது. அனுதாபம் வேறு, நோக்குநிலை வேறு. ஒருவர் பக்கம் பேசுவதற்கும் ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பதற்கும் உள்ள தூரம் அது.

அந்தத் தூரத்தைக் கடந்தது யார்? பழைய இராமநாதபுரம் மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1985இல் அதை மூன்றாகப் பிரிப்பதற்கு முன்னால் வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியும் இதற்குள்தான் இருந்தது, இளையான்குடியும் இதற்குள்தான் இருந்தது. புதுப்பட்டியில் ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும் பிறந்தார்கள். தங்கை பாமா 1992இல் 'கருக்கு' எழுதினார். அண்ணன் ராஜ் கௌதமன் 2002இல் 'சிலுவைராஜ் சரித்திரம்' எழுதினார். இரண்டும் தன் வாழ்க்கைதான். ஒரே தெரு, ஒரே கோயில், ஒரே ஊர். தங்கை 'நான்' என்றார். அண்ணன் தன்னையே 'அவன்' என்று எழுதினார். நோக்குநிலையைப் படிக்க இதைவிட நல்ல பாடப்புத்தகம் எந்த மொழியிலும் கிடைக்குமா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

'கருக்கு'வில் எல்லோரும் சொல்கிற ஒரு இடம் உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டே வருகிற சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தை நூலில் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு போய் முதலாளியிடம் கொடுப்பதைப் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்பதால்தான் அப்படித் தூக்கிப் போகிறார் என்று சொல்கிறார். அவள் சிரிப்பு நின்றுவிடுகிறது.

இந்த இடம் ஏன் இவ்வளவு நாள் நிற்கிறது? தீண்டாமையைக் கண்டித்து இதைவிடக் கடுமையான பக்கங்கள் எத்தனையோ எழுதப்பட்டிருக்கின்றன. இங்கே வேலை செய்வது, 'நான்' ஒன்றுக்குள் இரண்டு பேர் இருப்பது. பார்ப்பது சிறுமி, சொல்வது வளர்ந்த பெண். வளர்ந்தவளுக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் அவள் சிறுமியை முந்திக்கொண்டு விளக்கம் சொல்லவில்லை. முதலில் சிரிக்க விடுகிறாள். நாமும் கூடச் சிரித்துவிடுகிறோம். அடுத்த வரியில் அண்ணன் பேசும்போது, நாம் எதைப் பார்த்துச் சிரித்தோம் என்பது நம்மைச் சுடுகிறது. எழுதத் தொடங்குகிறவர்கள் செய்கிற பெரிய தவறு, குழந்தையின் கண்ணை எடுத்துக்கொண்டு அதில் பெரியவரின் கண்ணாடியை மாட்டிவிடுவது. ஆறு வயதுப் பிள்ளை "சாதிய ஒடுக்குமுறை" என்று யோசிக்காது. பொட்டலம் ஏன் ஆடுகிறது என்றுதான் யோசிக்கும்.

ராஜ் கௌதமன் ஏன் 'அவன்' என்றார்? எங்கள் வட்டத்தில் இதைப் பற்றி இரண்டு கருத்து. கூச்சம் என்றார் ஒருவர். நாங்கள் பெரும்பாலும் ஒத்துக்கொண்டது வேறு. தன்னைப் பார்த்துத் தானே சிரிக்க வேண்டுமானால் தன்னை விட்டு நாலடி தள்ளி நிற்க வேண்டும். சிலுவைராஜ் வீரன் அல்ல. பயப்படுகிறான், படிப்பை வைத்துத் தப்பிக்கப் பார்க்கிறான், சாதியை மறைக்கப் பார்க்கிறான், தோற்கிறான். 'நான்' என்று எழுதியிருந்தால் வாசகர் பரிதாபப்பட்டிருப்பார். 'அவன்' என்று எழுதியதால் பரிதாபப்பட விடாமல் கிண்டல் பண்ண முடிந்தது. துயரப்படும் தலித்தைப் பார்க்கத் தமிழ் வாசகருக்குப் பழக்கம் இருந்தது. தன்னையும் உலகத்தையும் சேர்த்து எள்ளி நகையாடும் தலித்தைப் பார்க்க அவ்வளவு பழக்கம் இல்லை. 2024 நவம்பரில் அவரும் போய்விட்டார். அந்தச் சிரிப்பை நாம் இன்னும் சரியாக வாசிக்கவில்லை.

பாமா 1994இல் 'சங்கதி' எழுதியபோது 'நான்' போதவில்லை. பாட்டி சொன்னது, அத்தை சொன்னது, களையெடுக்கும்போது பேசியது, தண்ணிக் குழாயடியில் திட்டிக்கொண்டது என்று பல பெண்களின் வாய் அதில் இருக்கிறது. ஒருத்திக்கு நேர்ந்தது எல்லோருக்கும் நேர்ந்தது என்று காட்ட 'நாங்கள்' தேவைப்பட்டது. அந்த 'நாங்கள்' மேல்சாதியை மட்டும் வெளியே நிறுத்தவில்லை. வீட்டுக்குள் அடிக்கிற நம் ஆண்களையும் வெளியே நிறுத்தியது. அதனால் நம்மில் சிலருக்கு அது கசந்தது. கசந்தால் நல்லது.

'நாங்கள்' என்ற குரலுக்கு அண்ணல் அம்பேத்கரிடமே ஒரு முன்னோடி உண்டு. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற அவருடைய குறிப்புகளில் 1901இல் சிறுவனாகத் தன் அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்க ரயிலேறிப் போன கதை வருகிறது. நல்ல உடை உடுத்திய பிள்ளைகளைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் முதலில் கனிவாகப் பேசுகிறார். சாதியைச் சொன்னதும் அவர் முகம் மாறுகிறது. அந்த முகமாற்றத்தை நாம் எங்கேயிருந்து பார்க்கிறோம்? கீழேயிருந்து, ஒரு பிள்ளையின் உயரத்திலிருந்து. அதே நிகழ்ச்சியை ஸ்டேஷன் மாஸ்டர் எழுதியிருந்தால், பிளாட்பாரத்தில் சில பிள்ளைகள் வண்டிக்கு நின்றுகொண்டிருந்தன என்று ஒரு வரியில் முடிந்திருக்கும்.

இப்போது குணசேகரனின் 'வடு'. 2005இல் வந்தது. தன்மையில், பேச்சுவாக்கில், பாட்டுக்காரரின் வாயோடு எழுதியது. அதில் எங்களுக்குப் பிடித்தது அதன் இடமாற்றம். இளையான்குடியில் இஸ்லாமியர்களுக்கு நடுவே வளர்கிறபோது அந்தப் பையனுக்கு ஒரு உலகம் தெரிகிறது. உறவுமுறை சொல்லிக் கூப்பிட முடிகிற உலகம். சாதி இந்துக்கள் இருக்கிற கிராமத்துக்குப் போனால் அதே பையனுக்கு வேறு உலகம். கண் ஒன்றுதான்; நிற்கிற தரை மாறுகிறது. நோக்குநிலை என்றால் ஏதோ மண்டைக்குள் இருப்பது என்று நினைக்கிறோம். அது காலுக்குக் கீழேயும் இருக்கிறது. எந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடந்தாய், எந்தக் கடையில் எந்த டம்ளரில் டீ குடித்தாய் என்பதைப் பொறுத்து ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு விதமாகப் பார்க்கிறான். நம் மாவட்டத்துக் கதைகளில் இந்துவுக்கும் தலித்துக்கும் நடுவே மட்டும் கோடு போட்டுவிட்டு, பக்கத்துப் பள்ளிவாசல் தெருவை மறந்துவிடுகிறோம். 'வடு' மறக்கவில்லை.

இங்கே ஒரு நெருடலான கேள்வி எழும். அப்படியானால் தலித்தைப் பற்றித் தலித்துதான் எழுத வேண்டுமா? குணசேகரனை வைத்தே பதில் சொல்லலாம். மேடை மேடையாக அவர் கொண்டுபோன 'மனுசங்கடா' பாடலை எழுதியவர் இன்குலாப். கீழக்கரைக்காரர். 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 பேரை எரித்த கொடுமையைத் தொடர்ந்து எழுந்த பாடல் அது. ஒரு இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்த கவிஞர் 'நாங்கள்' என்ற குரலில் எழுதினார். ஒரு தலித் கலைஞர் அதைத் தன் தொண்டையில் வாங்கிப் பாடினார். சேரிகள் அதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டன. யாரும் சாதிச் சான்றிதழ் கேட்கவில்லை. ஏனென்றால் அந்தக் குரல் இரக்கப்படவில்லை. எரிந்தவர்களின் பக்கமிருந்து கேள்வி கேட்டது. 'நாங்கள்' என்று சொல்லும் உரிமையை எழுதுகிறவர் தானே எடுத்துக்கொள்ள முடியாது. அந்த 'நாங்கள்' ஒப்புக்கொள்ள வேண்டும். பிறப்பு அதற்கு ஒரு வழி. ஒரே வழி அல்ல. பிறப்பு இருந்தும் பார்வை தவறலாம் என்பதைத்தான் அக்னி தீர்த்தக் கதை காட்டியது.

தவறிய பார்வையைத் திரும்பிப் போய்ச் சோதித்தவர் ஒருவர் உண்டு. சிவகாமி 1989இல் 'பழையன கழிதலும்' எழுதினார். அடிபட்ட தங்கம் என்ற பெண், தலித் தலைவர் காத்தமுத்து வீட்டு வாசலில் வந்து விழுவதில் கதை தொடங்கும். சில ஆண்டுகள் கழித்து அதே நாவலுக்கு 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொரு நாவலே எழுதினார். எழுதியவளே ஊருக்குத் திரும்பி வந்து, நான் பார்த்தது சரியா, யாரை எந்த வெளிச்சத்தில் நிறுத்தினேன், எதை விட்டேன் என்று தன்னையே குறுக்கு விசாரணை செய்கிறாள். எழுதி அச்சான புத்தகத்தின் நோக்குநிலையை ஆசிரியரே கூண்டில் ஏற்றுவது தமிழில் எத்தனை பேர் செய்த காரியம்?

நமக்கும் அந்தக் கூண்டு தேவை. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது தலித் விமர்சகர்களிடையே கடும் சண்டை நடந்தது. காலனிக்குத் துணி வெளுக்கும் வண்ணார் குடும்பத்து ஆரோக்கியத்தின் பக்கமிருந்து அந்த நாவல் பார்க்கிறது. அவள் கண்ணில் படியளக்கும் இடத்தில் நிற்பது நாம். இழுத்தடிப்பதும் ஏசுவதும் நாம். ஒடுக்கப்பட்டவர்களை இப்படிக் காட்டினால் எதிரிக்குத்தானே லாபம் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கேள்வியில் இருந்த கவலை பொய்யல்ல. ஆனாலும் இன்று திரும்பிப் பார்க்கும்போது நாங்கள் ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். மேலேயிருந்து பார்க்கப்பட்டதால் காயம்பட்ட நாம், நமக்குக் கீழேயிருந்து ஒருவர் நம்மைப் பார்ப்பதைத் தடுத்தால், பண்ணையாரின் நாற்காலியை ஒழிக்கவில்லை, அதில் இடம் பிடித்தோம் என்று ஆகும்.

கதை எழுதுகிறவர்களுக்கு மட்டும் இது சொல்லவில்லை. நம் மாவட்டத்தில் நோக்குநிலை உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 1957 செப்டம்பர் 10 அன்று கலெக்டர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் சரிசமமாக உட்கார்ந்து பேசியவர் இமானுவேல் சேகரன். மறுநாள் இரவு பரமக்குடியில் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து நடந்தவற்றுக்கு 'முதுகுளத்தூர் கலவரம்' என்று பெயர். கலவரம் என்ற சொல்லில் யார் குடிசை எரிந்தது என்பது இல்லை. ஊர் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. 2011 செப்டம்பர் 11 அன்று, அவருடைய நினைவு நாளில், அதே பரமக்குடியில் போலீஸ் சுட்டு நம் மக்கள் செத்தார்கள். "துப்பாக்கிச்சூடு நடந்தது" என்று எழுதினார்கள். மழை பெய்தது, காற்றடித்தது என்பதுபோல. சுட்டவர் யார், எந்தப் பக்கமிருந்து சுட்டார், குண்டு முதுகில் பாய்ந்ததா நெஞ்சில் பாய்ந்ததா என்பதெல்லாம் அந்த வாக்கியத்துக்குள் நுழைய வழியில்லை. எஃப்.ஐ.ஆரும் ஒரு கதைதான். அதற்கும் ஒரு கதைசொல்லி உண்டு. அவர் எங்கே நின்று பார்த்தார் என்று கேட்கப் பழகிய வாசகர், நாவலைப் படித்து அந்தப் பழக்கத்தைப் பெற்றிருந்தால், நாவல் வீணாகவில்லை.

எழுத வரும் தம்பி தங்கைகளுக்கு, நாங்கள் எங்கள் வட்டத்தில் பழகுகிற சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறோம். கதையை எழுதியதும் வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். யாருக்கு 'ஆர்', யாருக்கு 'ஆன்' போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். வேண்டுமென்றே போட்டதா, கை பழக்கத்தில் போட்டதா என்று கேளுங்கள். பிறகு, கதையில் யாருக்கு நிறமும் உடம்பும் வர்ணிக்கப்பட்டிருக்கின்றன, யாருக்கு நினைப்பு கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். தன்னைத்தானே ஒருவரும் 'கறுத்த ஒல்லியான' என்று நினைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை. பார்க்கிற ஆளுக்குத் தெரியாத எதையும் அவர் கண்ணில் திணிக்காதீர்கள். கடைசியாக, எழுதியதை அந்தக் கதையில் வருகிறவருக்கு வாசித்துக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் ஏன் என்று கேளுங்கள். சில சமயம் அதற்கு நல்ல காரணம் இருக்கும். பல சமயம் இருக்காது.

அந்தத் தம்பி மூன்று மாதம் கழித்துக் கதையைத் திரும்பக் கொண்டுவந்தார். இந்த முறை விடியற்கால வர்ணனை இல்லை. கடல் தாம்பாளம்போல இல்லை. நனைந்த துணி எவ்வளவு கனக்கும் என்பதில் கதை தொடங்கியது. மணல் ஏறிய புடவை ஒன்றை இழுக்க இரண்டு ஆள் வேண்டும். எந்தத் துணியில் ஊக்கு இருக்கும், எது கையைக் கிழிக்கும் என்பது அம்மாவுக்குத் தூரத்திலிருந்தே தெரியும். பாவத்தைக் கழித்துவிட்டுப் போகிறவர்களின் முதுகை அவர் பார்ப்பதே இல்லை. அடுத்த அலை எதைக் கொண்டுவரும் என்றுதான் பார்க்கிறார். நடுவில் ஒரு யாத்ரீகர் பத்து ரூபாய் நீட்டுகிறார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, மடியில் முடிந்துவிட்டு, அடுத்த துணிக்குக் குனிகிறார். அந்த யாத்ரீகரின் முகம் எப்படி இருந்தது என்று கதையில் இல்லை. அம்மா பார்க்கவில்லை, அதனால் நமக்கும் தெரியவில்லை.

கதை முழுக்க 'அம்மா வந்தார், அம்மா குனிந்தார்' என்றே எழுதியிருந்தார். வாசித்து முடித்ததும் மூத்த அக்கா கேட்டார்: "இதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுனியா தம்பி?"

"காட்டுனேன்க்கா. 'ஊக்கு குத்துனதை ஏன்டா எழுதல'ன்னு கேட்டுச்சு. சேர்த்துட்டேன்."

குணசேகரன் இருந்திருந்தால் அந்த அம்மாவையும் மேடையேற்றிப் பேச வைத்திருப்பார் என்று நம்புகிறோம்.